காயலான் கடை இரும்பில் கடல் தாண்டுதல்: ஆர்க்கேட்டாவிலிருந்து ஃபெர்ன்டேல் வரை

வியாழன், யுரேகா போகும் வழி

சான் ஃப்ரான்சிஸ்கோவில் 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஏறினால் யுரேகா 270 மைல். முதலில் திராட்சைத் தோட்டங்கள், அப்புறம் மலை, அப்புறம் ரெட்வுட் காடு. காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து போகும். டிரெய்லர் இழுத்து வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைப்பது நல்லது. மே மாதக் கடைசியில் இந்தச் சாலையில் டிரெய்லருக்குக் குறைவே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் நீல டிரம்மின் முனையோ பெடல் மாட்டும் சைக்கிள் கிராங்கோ எட்டிப் பார்த்தால், அதுவும் ஆர்க்கேட்டாவுக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் போவது கைனெடிக் கிராண்ட் சாம்பியன்ஷிப்புக்கு. மே கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறையை ஒட்டிச் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள், வட கலிஃபோர்னியாவின் ஆர்க்கேட்டாவிலிருந்து ஃபெர்ன்டேல் வரை நடக்கும் போட்டி. தூரம் ஐம்பது மைலை ஒட்டி, அதாவது கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். தார்ச்சாலை, மணல்மேடு, விரிகுடா, சேறு எல்லாவற்றையும் ஒரே வண்டியில், மனிதர் மிதித்தே கடக்க வேண்டும். வண்டி வெறும் வண்டியாக இருந்தால் போதாது, சிற்பமாகவும் இருக்க வேண்டும். மீன், டைனோசர், டிராகன் என்று ஏதோ ஓர் உருவம் அந்தச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

தொடக்கம் 1969. ஃபெர்ன்டேலில் இருந்த ஹோபர்ட் பிரவுன் என்ற சிற்பி, மகனுடைய மூன்று சக்கர சைக்கிளை வெட்டி ஒட்டி ஐந்து சக்கர வண்டியாக்கினார். அதைப் பார்த்த ஜாக் மேஸ் என்ற இன்னொரு சிற்பி, நானும் ஒன்று செய்கிறேன், போட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்னையர் தினத்தன்று ஃபெர்ன்டேல் மெயின் தெருவில் ஓட்டினார்கள். இருவரும் ஜெயிக்கவில்லை. புகை கக்கி முட்டையிட்டபடி வந்த ஓர் ஆமை வண்டி ஜெயித்தது. அந்த ஒற்றைத் தெருப் பந்தயம் வளர்ந்துதான் மூன்று நாள் பயணமாயிற்று. பிரவுன் 2007இல் காலமானார். பந்தயம் நிற்கவில்லை. பால்டிமோரிலும் அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம் 1999 முதல் இதேபோல் ஒருநாள் பந்தயம் நடத்துகிறது. ஆனால் மூலம் இந்தக் கரைதான்.

இன்ஜினும் மோட்டாரும் கூடாது. காற்று, நீரோட்டம், வெயில், சரிவு இவற்றின் உதவி செல்லும். நட்போடு வரும் வேற்றுக்கிரகவாசிகளின் உதவியும் செல்லும், நடுவர்களுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்திருந்தால். நடுவர்களுக்குக் கைவேலைப் பொருள்களை லஞ்சமாகக் கொடுப்பது இங்கே வழக்கம். விருதுகளில் பட்டறைக்காரர்கள் மதிப்பது 'ஏஸ்'. பாதை முழுக்க வேறு யாரும் தள்ளாமல், மணலுக்கும் தண்ணீருக்கும் வேண்டிய சாமான் அத்தனையையும் வண்டியிலேயே சுமந்துகொண்டு, மிதித்தே முடித்தவர்களுக்குக் கிடைப்பது அது. டிரம்மைத் தண்ணீர்க்கரையில் தனியாகக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏஸ் போச்சு. ஆகவே வடிவமைப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

வருடா வருடம் வண்டிகள் நிற்கும் இடங்களைக் குறித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சாலை நடுவிலோ மணல் நடுவிலோ நிற்பது குறைவு. சாலை மணலாகும் இடம், மணல் இறங்கும் இடம், கரை தண்ணீராகும் இடம், தண்ணீர் சேறாகும் இடம், இங்கேதான் நிற்கின்றன. தரை மாறும் இடத்தில் வண்டி என்ன ஆகும் என்று யோசித்துப் பொறுக்கிய இரும்புதான் ஃபெர்ன்டேல் போய்ச் சேரும்.

வெள்ளி, யுரேகா

பந்தயத்துக்கு முந்தைய நாள். வீட்டு வாசல்களிலும் கார் கொட்டகைகளிலும் கடைசிப் பற்றவைப்பு நடக்கிறது. இன்று சட்டத்தையும் செயினையும் டிரம்மையும் எழுதிவிட்டால் மற்ற நாள்களில் பாதையைப் பற்றி மட்டும் எழுதலாம்.

கணக்குக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், நான்கு சக்கரம், வண்டி 180 கிலோ, ஆட்கள் 280 கிலோ, மேலே இருக்கும் சிற்பம் 40 கிலோ. மொத்தம் 500 கிலோ, சக்கரத்துக்கு 125. ஒரு சாதாரண சைக்கிள் சக்கரம் ஆளோடு சேர்த்து ஐம்பது அறுபது கிலோதான் சுமக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

காயலான் கடையில் பொருள் எடுக்கும்போது அது முன்பு என்ன சுமந்தது என்று பார்க்க வேண்டும். பளபளப்பு முக்கியமல்ல. மோட்டார்பைக் சக்கரம், சரக்கு ரிக்‌ஷா அச்சு, உடற்பயிற்சி சைக்கிளின் கிராங்க் செட், தண்ணீர் பம்ப்பின் பேரிங் வீடு, இவையெல்லாம் தன் வேலையை விடக் குறைந்த வேலைக்கு வருகின்றன. நிலைக்கும். மடக்குக் கட்டில் குழாயும் மேசைக்காலும் தன் வேலையை விடப் பெரிய வேலைக்கு வருகின்றன. நிலைக்காது.

சைக்கிள் சட்டக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். 3.15 மி.மீ. வெல்டிங் ராடு வைத்து ஆர்க் அடித்தால் ஓட்டை விழும். 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 70 ஆம்பியர், நீளமாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக வைத்து ஆறவிட்டு அடுத்தது. இணைப்பு வரும் இடத்தில் உள்ளே பொருந்துகிற குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகிவிட்டுப் பற்றவைத்தால் கவலையில்லை. கால்வனைஸ் குழாய் என்றால் இரண்டு பக்கமும் ஐந்து செ.மீ. துத்தநாகத்தைச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

இனி செயின். மணலுக்கு மிகவும் தாழ்ந்த கியர் வேண்டும், சாலைக்கு உயர்ந்தது வேண்டும். இரண்டும் ஒரே செட்டில் கிடைக்க நடுவில் ஓர் இடை அச்சு போடுவது வழக்கம். முன் பல்சக்கரம் 22 பல், இடை அச்சில் 34 பல். இடை அச்சிலிருந்து 15 பல், சக்கரத்தில் 30 பல். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 2.4 கி.மீ. மணலில் இதுதான் நிஜமான வேகம், இதைவிடக் கூட ஆசைப்பட வேண்டாம். சாலையில் 44க்கும் 14க்கும் மாற்றினால் 70 மிதியில் 13.7 கி.மீ. ஐம்பது மைலுக்கு இது போதும்.

இங்கே பலர் தவறுகிற இடம் இரண்டாம் செயின். 60 கிலோ ஆள் 17 செ.மீ. கிராங்க் மேல் ஏறி நின்றால் 22 பல்லில் செயின் இழுவை 230 கிலோ. சைக்கிள் செயின் ஏறத்தாழ 800 கிலோவுக்கு மேல்தான் அறும், ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் இடை அச்சைத் தாண்டி 15 பல்லுக்கு வரும்போது அதே மிதி 520 கிலோவாகிறது. ஒரு பக்கத்து இரண்டு பேரும் ஒரே அச்சில் மிதித்தால் 1,040. சக்கரம் மணலில் வழுக்கினால் இவ்வளவு ஏறாது, கல்லிலோ வேரிலோ மாட்டி நின்றால் ஏறும். அந்த நொடியில் அறுவது எப்போதும் இரண்டாம் செயின்தான். அதற்கு மோட்டார்பைக்கின் 428 செயின் போட வேண்டும். சைக்கிள் செயினுக்கும் இதற்கும் கண்ணி இடைவெளி ஒன்றே, அரை அங்குலம். அகலம்தான் வேறு. அதனால் சைக்கிள் பல்சக்கரத்தில் 428 உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் பக்கவாட்டில் ஆடி ஆடிக் கழன்று விழும். பல்சக்கரத்தையும் பைக்கிலிருந்தே எடுங்கள். ஒரு பக்கத்து இருவரின் கிராங்குகளையும் 90 டிகிரி தள்ளி வைத்தால் இருவர் பலமும் ஒரே நொடியில் செயினில் விழாது.

இடது பக்க ஜோடி இடது பின்சக்கரம், வலது ஜோடி வலது பின்சக்கரம் என்று பிரித்துவிடுவது மிக நல்ல அமைப்பு. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் தேவைப்படாது. மிதிக்காதபோது பெடலைச் சுற்றவிடாமல் வண்டியை ஓடவிடும் ஃப்ரீவீலை இடை அச்சில், முதல் செயினில் வைக்க வேண்டும். அங்கே அது சைக்கிளில் படும் பாட்டையே படும். சக்கரத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் நாக்குகள் உடைந்து இரண்டு பக்கமும் சும்மா சுற்றும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வண்டி பின்னால் உருண்டால் பெடல் எதிர்ப்பக்கம் சுற்றி முழங்காலுக்குக் கீழே அடிக்கும். மேட்டில் நின்றுவிட்டால் முதலில் பிரேக், பிறகுதான் காலை எடுப்பது. சக்கர அச்சுக்கு 20 மி.மீ. கம்பி போட்டவர்களின் அச்சு திருகிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறோம். 30 மி.மீ. போடுங்கள், மீட்டருக்கு மூன்று கிலோதான் கூடும்.

டிரம்முக்கு வருவோம். உணவுச் சரக்கு வந்த 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் உத்தமம், ஒன்பது கிலோவுக்குள் அடங்கும். இரும்பு டிரம் அதைப்போல் இரண்டு மடங்கு கனம், துருவும் உண்டு. கரைப்பானோ எண்ணெயோ வந்த இரும்பு டிரம்மில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நெருப்பு வைக்கக் கூடாது. காலியாகத் தெரியும் டிரம்மின் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். 500 கிலோவுக்கு உப்புத் தண்ணீரில் 488 லிட்டர் அமுங்கினால் மிதக்கும். ஆனால் மிதப்பு அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், பக்கத்துக்கு மூன்றாக ஆறு டிரம். ஒன்றில் தண்ணீர் ஏறினாலும் மற்றவை தாங்கும்.

சனி, ஆர்க்கேட்டா – மனிலா – யுரேகா

காலையிலிருந்தே ஆர்க்கேட்டா சதுக்கத்தில் வண்டிகள். முன்பு நடுவில் நின்ற அதிபர் மெக்கின்லியின் சிலையை 2019இல் எடுத்துவிட்டார்கள். இன்று அந்தச் சதுக்கத்தில் கண்ணுக்குப் படுவதெல்லாம் தகரச் செதில், கம்பிவலைத் தலை, பழைய கார் ஹெட்லைட்டில் செய்த கண்கள். மூடுபனி இன்னும் விலகவில்லை, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது.

புறப்படுவதற்கு முன் பிரேக் சோதனை. ஓடிவந்து கோட்டுக்குள் நிற்க வேண்டும். இங்கே நிற்பதற்கும் இறக்கத்தில் நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை, அதை நாளைக்கு எழுதுகிறோம். நண்பகல் சங்கு ஊதியதும் சதுக்கத்தைச் சுற்றி வந்து ஊருக்கு வெளியே கிளம்புகிறார்கள். கிளம்பியவுடன் முதலில் உடையும் வண்டிக்குத் தங்க டைனோசர் விருது உண்டு. அது பெரும்பாலும் சதுக்கத்தின் திருப்பத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. காரணம் எளிது. சைக்கிள் திருப்பத்தில் சாயும், அதனால் சக்கரத்தின் மேல் பாரம் போக்ஸ் கம்பியின் நேர்க்கோட்டிலேயே விழும். நான்கு சக்கர வண்டி சாயாது. 125 கிலோ சுமக்கும் சக்கரத்தைத் திருப்பம் பக்கவாட்டில் தள்ளும். ரிம் அப்பளம் மாதிரி மடங்கிவிடும். இதைத் தவிர்க்க 20 அங்குலச் சிறு சக்கரம், 36 அல்லது 48 கம்பி, இல்லையென்றால் பைக் சக்கரம். ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கும் அச்சு வேண்டாம், இரண்டு பக்கமும் பிடிமானம் கொடுங்கள்.

ஊர் தாண்டிப் புல்வெளிச் சாலை, அதைத் தாண்டினால் மனிலாப் பக்கத்து மணல்மேடு. வண்டிகளை ஓரம் கட்டிக் காற்றை இறக்குகிறார்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. 40 பவுண்டு காற்றில் 125 கிலோ சுமக்கும் டயர் தரையில் 44 சதுர செ.மீ. பரப்பில்தான் நிற்கும், இரண்டு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. எட்டு பவுண்டுக்கு இறக்கினால் 220 சதுர செ.மீ., ஏறக்குறைய ஒரு பாதத்தின் அளவு. மணல் அழுத்தத்தைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஆனால் குறுகிய சைக்கிள் டயரை எட்டு பவுண்டில் விட்டால் ரிம்மிலிருந்து கழன்று ட்யூபின் வாயைப் பிய்க்கும். ஆகவே அகல டயர் வேண்டும். கிடைக்காதவர்கள் ரிம்முக்கு வெளியே பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிய பட்டையை வளையமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கால் மீட்டர் அகலப் பட்டை, குறுக்கே 30 செ.மீ.க்கு ஒரு ரீப்பர் கட்டை. பட்டையை ரிம்மோடு போல்ட் போட்டு இறுக்கினால் போல்ட் ஓட்டையிலிருந்து கிழியும். ஓட்டையைப் பெரிதாக்கி வாஷருக்குக் கீழே பழைய ட்யூப் ரப்பர் வைத்து விட்டுக்கொடுக்கிற மாதிரி பிடிக்க வேண்டும்.

மணலில் இன்னொன்று: திருப்புவது. நின்ற இடத்தில் ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் மணலைக் குவித்துக்கொண்டு கலப்பையாகிவிடும். ஓடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளைக்க வேண்டும். முன்னால் போன வண்டியின் தடத்தில் போவதா கூடாதா என்று ஒவ்வொரு குழுவிலும் வாக்குவாதம். தடத்தின் அகலம் நம் சக்கர அகலத்துக்குப் பொருந்தினால் போங்கள், பாதி பொருந்தினால் வேண்டாம். ஒரு சக்கரம் தடத்திலும் ஒன்று மேட்டிலும் போனால் வண்டி தானாகவே ஓரம் இழுக்கும்.

மேடு முடியும் இடத்தில் 'டெட் மேன்ஸ் டிராப்' என்ற மணல் இறக்கம். கூட்டம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இறக்கத்தில் முன்னால் கவிழ்வதுதான் ஆபத்து. வண்டியின் பாரமையம் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்திலும் முன் அச்சுக்கு 90 செ.மீ. பின்னாலும் இருந்தால், 30 டிகிரி சரிவில் சீராக இறங்கும்வரை ஒன்றும் ஆகாது. அடியில் முன்சக்கரம் புதைந்து வேகம் சட்டென்று அறுந்தால், பிரேக்கைப் பலமாகப் பிடித்த அளவுக்கே அறுந்தாலும், கவிழ்ந்துவிடும். சிற்பத்தின் தலை முன்னால் உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு இன்னும் மோசம். தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள செருகி எடுக்கும் பின் இரண்டு போதும், அதைப் பட்டறையிலேயே யோசித்திருக்க வேண்டும். பின்பிரேக்கை மட்டும் பிடித்து, ஆட்கள் பின்னால் சாய்ந்து, ஸ்டியரிங்கை நேராகவே வைத்து இறங்கிய வண்டிகள் எல்லாம் சத்தமில்லாமல் இறங்கிவிட்டன.

அங்கிருந்து டயருக்குத் திரும்பக் காற்று. 20 நிமிடம் கைப்பம்ப் அடிக்கிற வேலை, கால்பம்ப் ஒன்று சுமந்து வந்தவர்கள் பாக்கியவான்கள். மணல் ஏறிய செயினுக்கு அங்கேயே எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரத்தூள் மாதிரி பல்லைத் தின்னும். முதலில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி உதறிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணெய். சமோவாப் பக்கமிருந்து விரிகுடாவைத் தாண்டும் பாலங்களில் எதிர்க்காற்று. அகலச் சிற்பம் வைத்தவர்களுக்கு இன்றைய மிகக் கடினமான பகுதி மணல் அல்ல, இந்தப் பாலம்தான். யுரேகாவின் பழைய நகரில், 1880களில் மரவியாபாரி வில்லியம் கார்சன் கட்டிய மாளிகையைப் பார்த்தபடி முதல் நாள் முடிகிறது.

ஞாயிறு, விரிகுடா, பிறகு மேடு

காலையில் டிரம்களின் மூடியைத் திறந்து வைத்திருந்த குழு ஒன்று இருந்தது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துத் தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் எதற்காகத் திறக்கிறார்கள் என்று கேட்டார்கள். சரியான வேலை அது. வெயிலில் 30 டிகிரிக்குச் சூடான டிரம்மை இறுக்கி மூடி 12 டிகிரித் தண்ணீரில் விட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அழுத்தம் ஆறு சதவீதம் இறங்கும், அது அறுபது செ.மீ. ஆழத் தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுவதற்குச் சமம். மூடியின் வாஷர் கொஞ்சம் காய்ந்திருந்தாலும் டிரம் தானாகவே தண்ணீரை உறிஞ்சும். குளிர்ந்த நேரத்தில் திறந்து, நிழலில் வைத்து, இறங்குவதற்குச் சற்றுமுன் மூட வேண்டும். பல டிரம்களுக்கு இரண்டு மூடி உண்டு, இரண்டு அங்குலம் ஒன்று, முக்கால் அங்குலம் ஒன்று. எல்லோரும் பெரியதைக் கவனித்துச் சின்னதை விட்டுவிடுவார்கள். மரையில் டெஃப்ளான் டேப் மூன்று சுற்று, மூடி இரண்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி.

டிரம்மைச் சட்டத்தோடு போல்ட் போடக் கூடாது, ஓட்டை போட்ட டிரம் டிரம் இல்லை. இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டை, டிரம் ஒன்றுக்கு இரண்டு. ஆனால் பட்டை மேலிருந்து கீழே மட்டுமே பிடிக்கும். தண்ணீரில் இறங்கும் நொடியில் முன்டிரம்மைத் தண்ணீர் பின்னால் தள்ளும், மூன்றும் ஒன்றை ஒன்று இடித்து நழுவும். முன்னும் பின்னும் குறுக்கே ஒரு கோணக்கம்பி வைத்துத் தடுத்துவிட்டால் நகராது. வரிசைகளின் இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்: கட்டுமரம் அலையில் நிற்பது கட்டையின் பருமனால் மட்டுமல்ல, அகலத்தாலும்.

இனி தண்ணீருக்குள் இறங்கும் சறுக்குப்பாதை. பின்சக்கரம் இன்னும் தரையில் இருக்கும்போதே முன்டிரம் மிதக்கத் தொடங்கும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கத்துப் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் விழும், அதே நேரத்தில் பாசியில் சக்கரம் வழுக்கும். வண்டி பாதியில் நின்று பக்கவாட்டில் திரும்புவது இங்கேதான். நிறுத்தி யோசிக்காமல் ஒரே சீரான வேகத்தில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. உயிர்காப்பு உடை எல்லோருக்கும் கட்டாயம், மிக விசேஷமாகத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் ஒரு விருது உண்டு.

தண்ணீரில் எதை வைத்துத் தள்ளுவது? சக்கரத்துக்கே துடுப்புத் தகடு மாட்டிவிடலாம் என்பது முதல் யோசனை. பெரும்பாலும் ஏமாற்றும். சாலையில் 12 செ.மீ. தரை இடைவெளி இருக்கும்படி டிரம்மைக் கட்டினால், அது 25 செ.மீ. அமுங்கும்போது நீர்மட்டம் சக்கரத்தின் அடியிலிருந்து 37 செ.மீ. வரும். 26 அங்குலச் சக்கரத்தின் அச்சு 33 செ.மீ. உயரத்தில். அதாவது அச்சு தண்ணீருக்குள். கீழ்த்தகடு பின்னால் தள்ளுவதில் ஒரு பகுதியை மேலே திரும்பி வரும் தகடு முன்னால் தள்ளியே கெடுத்துவிடும். நால்வரும் மூச்சுவாங்க மிதிப்பார்கள், கரை அப்படியே இருக்கும். துடுப்புச் சக்கரம் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் முங்காத உயரத்தில் தனியாக வைக்க வேண்டும்.

புரொப்பல்லர் சுலபம். 40 செ.மீ. விட்டம், இரண்டு இதழ், கிராங்க் ஒரு சுற்றுக்கு நாலு அல்லது ஐந்து சுற்று. மோட்டார் படகின் சின்ன புரொப்பல்லர் பழைய சாமானில் நிறையக் கிடைக்கும், வாங்காதீர்கள். அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றவேண்டியது, காலுக்கு ஒத்துவராது. பெரிதாக, மெதுவாகச் சுற்றுவதே மனிதருக்கு ஏற்றது. ஹம்போல்ட் விரிகுடாவின் அடியில் நிறையக் கடற்புல். நாடா மாதிரி நீளமான இலை. தண்டில் சுற்றிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் கயிறு போல் இறுகும். தண்டை மேலே தூக்கிப் பார்க்கும்படி ஒரு கீல் வைத்து, ரம்பப்பல் கத்தி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த வண்டிகளே இன்று நிற்காமல் போயின. நீர் இறங்கினால் சேற்றுத்திட்டு தலைகாட்டும். ஓதம் பார்த்து இறங்குங்கள்.

கரையேறித் தெற்கே போனால் மேடும் இறக்கமும். நேற்றுச் சொன்ன பிரேக் விஷயம் இங்கே. 500 கிலோ வண்டி 50 மீட்டர் உயரம் இறங்கினால் 245 கிலோஜூல் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நான்கு அலுமினிய ரிம்மும் சேர்ந்து இரண்டு கிலோதான். ஆறவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் நூறு டிகிரிக்கு மேல் ஏறும். பிரேக் கட்டை உருகி வழுக்கும், அதற்கு முன்பே ட்யூப் வெடிக்கும். பைக்கின் டிஸ்க் பிரேக்கை அப்படியே கழற்றிப் பின்சக்கரங்களுக்குப் போட்டுவிடுங்கள். இந்தப் போட்டியில் பழைய பைக்கிலிருந்து ஒரே ஒரு பொருளைத்தான் எடுக்கலாம் என்றால் எது என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான். இரவுத் தங்கல் ஈல் நதி முகத்துவாரத்துப் பக்கம். கூடாரம், சமையல் பாத்திரம் எல்லாம் வண்டியிலேயே வந்தாக வேண்டும், ஏஸ் கேட்பவர்களுக்கு.

திங்கள், ஃபெர்ன்டேல்

பாதையில் வருடத்துக்கு வருடம் மாற்றம் உண்டு என்றாலும் மூன்றாம் நாளின் குணம் மாறாது: தண்ணீர், அதை ஒட்டிச் சேறு. களிமண் ஒட்டும் விதம் மணலிலிருந்து முற்றிலும் வேறு. டயரில் ஒட்டி, மட்கார்டில் அடைத்து, சக்கரத்தையே பூட்டிவிடும். டயருக்கும் சட்டத்துக்கும் ஐந்து செ.மீ. இடைவெளி இல்லாத வண்டிகள் பத்தடிக்கு ஒருமுறை நின்றன. மட்கார்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தட்டைக் கம்பியைச் சக்கரத்துக்கு நெருக்கமாகப் பற்றவைத்து வழித்துவிடச் செய்வது நல்ல உத்தி. இரண்டு நாள் மணலும் உப்புத் தண்ணீரும் தின்ற செயின் இன்றுதான் அறும். அறுந்த கண்ணியை மாற்ற ஆறு உதிரிக் கண்ணியும் செயின் கழற்றியும் ஓட்டுபவரின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்கு அடியில் வேண்டாம்.

நதிக்கு மேலே 1911இல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலம், ஃபெர்ன்பிரிட்ஜ். அதைத் தாண்டினால் பால்பண்ணைச் சமவெளி. ஃபெர்ன்டேலின் விக்டோரியா காலத்து வீடுகளைப் பால்வியாபாரத்தில் வந்த காசு கட்டியது, அதனால் அவற்றை வெண்ணெய் மாளிகைகள் என்கிறார்கள். 1969இல் ஆமை ஜெயித்த அதே மெயின் தெருவில் பிற்பகல் முழுக்க வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வரிசையில் சரியாக நடுவில் முடிப்பவருக்கும் ஒரு விருது இருக்கிறது, அதற்காகக் கோட்டுக்கு முன்னால் ஒருவர் எண்ணிக்கொண்டே நிற்கிறார்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. நல்ல தண்ணீரால் பேரிங், செயின், பிரேக் எல்லாவற்றையும் கழுவிவிட்டு எண்ணெய் விடுங்கள், உப்பு ஒரே இரவில் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆறு டிரம்மையும் கழற்றி, மூடி கீழே பார்க்கும்படி ஒரு வாளிக்கு மேலே சாய்த்து ஒவ்வொன்றாக வடியுங்கள். கடைசி வரிசையில் நின்ற குழு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஐந்து காய்ந்திருந்தன. இடப்பக்கத்து நடு டிரம்மிலிருந்து இரண்டு லிட்டர் வந்தது, சின்ன மூடி வழியாக. சுண்ணாம்புக்கட்டியால் அந்த மூடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வண்டியில் ஏற்றினார்கள்.